டாக்டர் கேட்டு வாங்கிய கல்

என் வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டை மட்டும் போட்டு, கல் சேர்ந்த பித்தப்பையை எடுத்த டாக்டர் ஒல்லியாக, நெட்டையாக இருப்பார். பேசும்போது கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டே இருப்பார், கோலமாவு நைசாக இருக்கிறதா என்று பார்ப்பது போல.

ஒரு கல் மட்டும் உள்ளே பித்தக்குழாயில் தங்கிப்போய் எனக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. அவரே மறுபடி வயிற்றை நீளமாகக் கிழித்து, கையை விட்டு எடுத்தார். அந்தக் கல்லைச் சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். எனக்கு ஒரே பெருமை. எங்கள் ஊர் அடி அண்ணாமலையிலிருந்து பார்க்க வந்த சனத்துக்கெல்லாம், சாத்துக்குடி வாங்கி வந்த சம்பந்தியம்மாவுக்கும் (ஒரே புளிப்பு, அது வேற கதை), "டாக்டரு இத உள்ளயே மறந்துட்டாரும்மா" என்று சிரித்துச் சிரித்துக் காட்டினேன்.

திரும்பினால் அவர் நிற்கிறார்.

"மறக்கலம்மா. ஓட்டை வழியா குச்சி மாதிரி கருவிதான் போவும், கை போவாது. கல்லு பட்டது குச்சியில தெரியல. அந்தக் கல்ல எனக்குத் தர்றீங்களா?"

"என் வயித்துல விளைஞ்சது, உனக்கு எதுக்குப்பா?"

"குச்சி முனையில படறது கல்லா சதையானு சொல்ல ஒரு கம்ப்யூட்டருக்குக் கத்துக் குடுக்கறோம். உங்க கல்ல அது கண்டுபிடிக்கிற வரைக்கும் அந்தக் கம்ப்யூட்டர் குச்சிய யார் வயித்துலயும் விட மாட்டேன்."

பாட்டிலைக் கொடுத்தேன். "எனக்கு ஒண்ணும் கோவமில்ல, டாக்டரு தம்பி. நல்லாத்தான இருக்கேன்?" என்று மறுபடியும் சிரித்தேன்.

"நீங்க திட்டியிருந்தா நான் நிம்மதியா தூங்கியிருப்பேம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டதா, தெரியாது. அவர் மனசு ஆறட்டும் என்றுதான் சிரித்தேன். ரெண்டு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கலாமோ என்று இன்றைக்கும் உறுத்துகிறது.