பத்தொன்பது ஆட்சேபணைகள்

அரசுப் புறம்போக்கை வீட்டுமனையாகக் கொடுக்கும் முன் ஊரில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். ஆட்சேபணை உள்ளவர்கள் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம். அதை விசாரித்து, முடிவை எழுத்திலேயே சொல்ல வேண்டும். வருவாய்த் துறையில் நரைத்து ஓய்வுபெற்றவள் சொல்கிறேன், விதி இவ்வளவுதான். யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அறிவிப்பே ஒட்டப்படுகிறது என்பது விதியில் இல்லை. எங்கள் குடியிருப்புக்கு அதை யாரும் சொல்லவும் இல்லை.

எனக்கு அப்போது பத்து வயது. கனகம்மாசத்திரத்திலிருந்து திருத்தணி போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, ஒரு மாந்தோப்பை ஒட்டிய மேட்டில் பத்தொன்பது இருளர் குடிசைகள். மேடு சர்க்கார் புறம்போக்கு, எங்கள் எல்லாருக்கும் பொது. கல்யாணமான ஜோடிக்கு எல்லாரும் கூடி ஓர் இடம் காட்டுவார்கள். கரும்பு வெட்டப் போன குடும்பம் திரும்பி வந்தால் வேறு மூலையில் குடிசை போட்டுக்கொள்ளும். 'என் இடம்' என்று சொல்லும் பழக்கம் எங்களுக்கு இல்லை. தோப்புக்காரருக்கு இருந்தது. மேடும் தன்னுடையதுதான், அங்கே குடியிருப்பவர் யாருமில்லை, அறுப்புக்கு வந்த கூலிகள் தங்கியிருக்கிறார்கள் என்று சொல்லி முள்வேலி போட ஆரம்பித்திருந்தார்.

வேலி எங்களைச் சுற்றி முடிவதற்குள் வீட்டுக்கு வீடு தனிப்பட்டா வாங்கிவிட வேண்டுமென்று என் அப்பா, நைனா, அலைந்தார். ஊர் நிலக்கணக்கு எழுதும் கர்ணம் வந்து பெயர்களை எழுதிக்கொண்டு போனார். சில வாரம் கழித்து வேப்பமரத்தில் அறிவிப்பு தொங்கியது. மேட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். உரக்கப் படித்து, யாருக்காவது குறை இருந்தால் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்றேன். எல்லாருக்கும் பரம திருப்தி.

காரணம் உண்டு. எங்கள் கூட்டத்தில் ஒரு வீட்டுக்கு எதையாவது கொடுத்தால், இன்னொருவர் அதில் ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது வயிற்றில் கிடந்து பொறாமையாகிவிடும். குறை சொன்னவருக்கு அந்த வீட்டில் சோறு போட்டால் விஷயம் முடிந்தது. எல்லா இருளருக்கும் இது உண்டா என்று தெரியாது. எங்கள் மேட்டில் இருந்தது. சர்க்கார் இவ்வளவு முறை தெரிந்து நடந்துகொள்வதை அன்றுதான் பார்த்தார்கள்.

குறை சொல்ல அன்று மாலையே எல்லாரும் கூடினார்கள். முதலில் எழுந்தது நைனாவின் அக்கா, என் அத்தை.

"பதினஞ்சு வருஷமா இவன் வூட்டு முன்னாலதான் தண்ணி தூக்கினு போறேன். பட்டா குடுத்து எல்லைக்கல்லு நட்டுட்டா நான் இன்னா பறந்தா போவணும்?"

"நீ நடந்தாவே பூமி அதிருது. பறக்க வேற போறியாக்கா?" என்றார் நைனா. "எப்பவும் போலப் போ. கல்லு உன்ன ஒண்ணும் பண்ணாது."

"ஆங், எல்லாரு எதிர்லயும் சொல்லிட்ட. ஞாபகம் வெச்சுக்கோ."

சித்தப்பாவின் ஆடு தன் கூரையைத் தின்கிறது என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அவர் பாட ஆரம்பித்தால் தன் குழந்தைகள் தூங்குவதில்லை என்றார் சித்தப்பா. இப்படிப் பத்தொன்பது மனைக்கும் பத்தொன்பது குறை. குறைகளை மட்டும் எழுதினேன். பதிலையும் சோற்றையும் எழுத நோட்டில் தாள் போதவில்லை. எல்லாரும் கைநாட்டு வைத்தார்கள்.

மறுநாள் நைனாவும் நானும் பஸ் ஏறித் திருத்தணி தாலுகா ஆபீசுக்குப் போனோம். தபால் வாங்கும் குமாஸ்தா இரண்டு தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பட்டா குடுன்னு கேட்டதும் நீ, குடுக்காதேன்னு எழுதிகினு வந்ததும் நீயா?"

"நீங்கதாங்க கேட்டிருந்தீங்க," என்றார் நைனா.

குமாஸ்தா பத்தொன்பது தாளிலும் தேதி முத்திரை குத்தினார். நைனா எனக்கு வடை வாங்கித் தந்தார்.

கோப்பு அங்கேயே படுத்துவிட்டது. "உங்க தலையில நீங்களே மண்ண வாரிப் போட்டுகினீங்களே," என்று கர்ணம் வந்து தலையில் அடித்துக்கொண்டார். வேலி வேப்பமரம் வரை வந்தது. நைனா என்னைத் திட்டவில்லை.

ஆட்சேபணை வந்தால் இடத்துக்கே போய் விசாரிக்க வேண்டும். ஆகவே ஒரு நாள் தாசில்தார் ஜீப்பில் வந்து இறங்கினார். தோப்புக்காரர் முந்திக்கொண்டார்.

"இங்க யாரு சார் குடியிருக்காங்க? அறுப்பு முடிஞ்சா கிளம்பிடுவாங்க."

தாசில்தார் என் நோட்டுத் தாள்களைப் புரட்டினார். அத்தையின் குறையை வாய்விட்டுப் படித்தார். பிறகு ஆட்டின் கதை, பாட்டின் கதை.

"யாருமே இல்லாத இடத்துல பதினஞ்சு வருஷமா தண்ணி தூக்கினது யாருங்க?" என்று கேட்டார். தோப்புக்காரர் தன் மாமரங்களைப் பார்த்தார்.

"நீ இன்னும் ஆட்சேபிக்கிறியாம்மா?" என்று அத்தையிடம் திரும்பினார் தாசில்தார்.

"அன்னிக்கே அவன் வூட்ல சாப்ட்டு முடிச்சிட்டேங்க. கருவாட்டுக் குழம்பு. உப்புதான் கொஞ்சம் கம்மி."

அதையும் எழுதிக்கொண்டார். உப்பை எழுதினாரா என்று தெரியாது.

பெரிய அதிகாரி ஒருவர் என் கையெழுத்தைத் தடுமாறாமல் படித்தார் என்பது மட்டுமே அன்று எனக்குப் புரிந்தது. நாங்கள் அந்த மேட்டில் வாழ்ந்தோம் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி, முத்திரை குத்திய அந்தச் சண்டைத் தாள்கள்தான் என்பது, பல வருடம் கழித்து அதே ஆபீசில் மேசை கிடைத்த பிறகுதான் உறைத்தது. ஆட்சேபணைகள் தீர்ந்தன, பத்தொன்பது வீட்டுக்கும் தனித்தனியே பட்டா வழங்கப்படுகிறது என்ற பதில், விசாரணை நடந்து மூன்றாம் வருடம், ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் வந்து சேர்ந்தது.