என் பேர் வைக்க வேண்டிய குறுங்கோள்

வானத்தில் என் பேரில் ஒரு பாறை சுற்றிக்கொண்டிருக்க வேண்டியது. மாமா வாக்குக் கொடுத்திருந்தார். அந்தப் பேரைத் தட்டிக்கொண்டு போகப் பார்த்தவர் என் அத்தை, அதாவது மாமாவுக்குப் புதிதாக வாய்த்த மனைவி. இதை இன்றைக்குச் சொல்லும்போதும் எனக்கு லேசாக வயிறு எரியத்தான் செய்கிறது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் வேலை, கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டிலேயே ஜாகை. மற்ற வீட்டு மாமாக்கள் சம்பளத்தில் பைக் வாங்கினார்கள். எங்கள் மாமா டெலஸ்கோப் வாங்கினார். அம்மாவுக்கு அதில் தீராத வருத்தம். யாரோ பயன்படுத்தித் தள்ளிய ஒரு பழைய கேமராவை அதில் பொருத்தி, மொட்டை மாடியிலிருந்து வானத்தின் ஒரே மூலையை விட்டு விட்டுப் படம் எடுத்து வைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் படங்கள் ஹாலில் இருந்த கம்ப்யூட்டருக்கு வரும். அதிலிருந்த சாஃப்ட்வேர், நட்சத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழும்படி படங்களை நகர்த்தி அடுக்கி, மாற்றி மாற்றிக் காட்டும். நட்சத்திரங்கள் எல்லாம் அப்படியே நிற்கும். ஒரே ஒரு புள்ளி மட்டும் இடம் மாறினால் அது குறுங்கோள், சூரியனைச் சுற்றும் பாறை. மாமாவுக்குத் தடிமனான கண்ணாடி. எனக்கோ ஒன்பது வயதுக் கண். அதனால் அவர் பக்கத்து நாற்காலி என்னுடையது.

"இதுவரிக்கும் யாருமே பாக்காத ஒண்ண நாம பாத்துட்டோம்னு வய்யி, உன் பேரு வைக்கச் சொல்லி எழுதிப் போட்டுடலாம் பாப்பா" என்பார் மாமா.

நானும் கண் நோக நோகத் தேடினேன். நான் பிடித்த புள்ளிகளில் பாதி, யாரோ ஏற்கெனவே பேர் வைத்துவிட்டவை. மீதி, கேமராவின் கோளாறு. அந்தப் பழைய கேமராவுக்குள் சில புள்ளிகள் கெட்டுப்போய்த் தாமாகவே மின்னிக்கொண்டிருக்கும். உண்மையில் அவை இருந்த இடத்திலேயே இருப்பவை. படங்களை நட்சத்திரத்துக்கு ஏற்ப நகர்த்தும்போது அவையும் கூடவே இழுபட்டு, ஏதோ கிளம்பிப் போவதுபோல் பாவனை காட்டும். நகர்த்தாமல் ஓட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நான் கூவும் ஒவ்வொரு தடவையும் மாமா இரக்கமே இல்லாமல் அப்படி ஓட்டிப் பார்ப்பார். "கேமரா கோளாறு. அடுத்தத பாரு" என்பார். நான் மூக்கை உறிஞ்சினாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

அந்த வருஷம் வைகாசியில் மாமாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. அத்தைக்கு மதகடிப்பட்டுப் பக்கம், விவசாயக் குடும்பம். கல்யாண வீட்டில் வந்தவர் போனவர் எல்லாம், "ஒன் மாமன இன்னொருத்தி வந்து புடிச்சிக்கிட்டாளே, இனிமே நீ என்னா பண்ணப் போற?" என்று என் கன்னத்தைக் கிள்ளினார்கள். கேலி என்று அப்போது விட்டுவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு ஹாலுக்கு வந்தால், என் நாற்காலியில் அத்தை உட்கார்ந்திருந்தார்.

"நீ அந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்க பாப்பா" என்றார் மாமா.

ஸ்டூல்! எனக்கு! பற்றிக்கொண்டு வந்தது. வந்து சேர்ந்த நாளிலிருந்து அத்தை பேசியதெல்லாம் 'சாப்ட்டியா', 'காப்பி வேணுமா' என்பதோடு சரி. இவருக்கு வானத்தைப் பற்றி என்ன தெரியும் என்று ஈரத் தலையோடு ஸ்டூலில் குந்தியிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அத்தை திரையில் விரலை வைத்தார். "என்னாங்க, இது மட்டும் நவுருதே."

மாமா துள்ளிக் குதித்தார். "அட, ஆமாம்! அக்கா, இங்க வாயேன், இவ கண்ணப் பாரேன்!" அம்மா தோசைத் திருப்பியோடு ஓடி வந்தாள். மாமா அத்தையிடம் குனிந்து, "புதுசா மட்டும் இருந்துச்சுன்னா உன் பேரையே வச்சிடலாம்" என்றார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எங்கள் வீட்டில் அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

என் பேர்! நான் கண் எரியத் தேடிய பேர்! அதைவிட வயிற்றெரிச்சல், மாமா ஓட்டிப் பார்க்கவே இல்லை. எனக்கு ஒரு சட்டம், அத்தைக்கு ஒரு சட்டமா? எட்டி மவுஸைப் பிடுங்கி, படங்களை நகர்த்தாமல் ஓட்டினேன். புள்ளி ஆணி அடித்தாற்போல் நின்றது.

"கேமரா கோளாறு!" என்று மாமாவின் குரலிலேயே கத்தினேன்.

"தெரியும் பாப்பா" என்றார் மாமா, மெதுவாக.

தெரியுமாமே! தெரிந்தவர் எதற்கு அந்தக் குதி குதித்தார்? அத்தை எழுந்து, "நான் போயி சட்னி அரைக்கிறேன்" என்று உள்ளே போய்விட்டார். அம்மா என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். உண்மையைச் சொன்னதற்கு எனக்குக் கிடைத்த பரிசு அது.

ஆனால் நியாயம் என் பக்கம்தான் இருந்தது என்பது சீக்கிரமே நிரூபணமாயிற்று. ஆடி பிறக்கும் சமயத்தில் அத்தையின் அப்பாவும் அம்மாவும் தட்டு நிறையப் பழத்தோடு வந்து அத்தையை அழைத்துக்கொண்டு போனார்கள். ஆடியில் புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்திருக்கக் கூடாது என்கிற வழக்கத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை. கோளாறையும் குறுங்கோளையும் பிரிக்கத் தெரியாததால்தான் அனுப்பிவிட்டார்கள் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. நாற்காலியைத் துடைத்து என் இடத்தில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு காலையில் மாமா மடிப்புக் கலையாத சட்டையில் நின்றார். "சண்டே மார்க்கெட்ல ஒரு லென்ஸ் பாக்கணும். நீ படத்தப் பாத்துக்கிட்டு இரு, வந்துடறேன்" என்று கிளம்பியவர் பொழுது சாயத்தான் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் அதே லென்ஸ், அதே சட்டை.

அன்றைக்கு நான் தனியாக உட்கார்ந்து ஒரு புள்ளியைப் பிடித்தேன். நகர்த்தாமல் ஓட்டிப் பார்த்தேன். அப்போதும் அது நட்சத்திரங்களை விட்டு விலகி நகர்ந்தது. நிஜமான குறுங்கோள்! சோறு இறங்கவில்லை. வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்தே கால் வலித்தது. மாமா வந்தபோது கையில் லென்ஸ் இல்லை. இலையும் செம்மண்ணும் ஒட்டிய பச்சை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பை நிறைய இருந்தது. திரையைப் பார்த்து, "சபாஷ் பாப்பா!" என்று தட்டிக்கொடுத்தார். இன்டர்நெட்டில் தேடினார். அதற்கும் யாரோ பேர் வைத்துவிட்டிருந்தார்கள். "போனா போவுது. இந்தப் படத்த அழிச்சிடாத, அத்தை வந்ததும் காட்டலாம்" என்றார்.

அம்மா மல்லாட்டையைக் குண்டானில் கொட்டிக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "மார்க்கெட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியந்தான்க்கா" என்று மாமா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவித்த மல்லாட்டையை உரித்து உரித்துத் தின்றபடி, அந்தச் சண்டே மார்க்கெட்டை மனசாரச் சபித்தேன். அத்தையை ஒருவழியாக ஊருக்கு அனுப்பியாயிற்று, இனிமேல் மாமாவை என்னிடமிருந்து பிடுங்குவது அந்த மார்க்கெட் ஒன்றுதான் என்று உறுதியாக நம்பினேன்.