மனிதக் கை படாத சுவர்

பட்டறையில் அவளை எல்லாரும் ‘வீம்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டாள். தைத்துக்கொண்டிருந்த ஆடைத் தொழிற்சாலையை மூடியதும் நாத்தனார் கூட்டிவந்து சேர்த்துவிட்ட வேலை இது. வெளிச்சம் ஊடுருவும் காங்கிரீட் பலகைகளைச் செய்யும் பட்டறை. கடை முகப்புகளுக்கும் ஓட்டல் வரவேற்பறைகளுக்கும் அவை அலங்காரமாகப் போகும்.

நீளமான அச்சில், ஜல்லி சேர்க்காத நைசான சிமெண்டுக் கலவையை மெல்லிசாக ஊற்றுவார்கள். அதன்மேல் தலைமுடி போன்ற ஒளியிழைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்ப வேண்டும். மறுபடி கலவை, மறுபடி இழை. இறுகியதும் குறுக்கே அறுத்து மெருகேற்றினால் வெறும் சாம்பல் நிறக் கல்லாகத்தான் தெரியும். பின்னால் விளக்கைப் போட்டால் கல் முழுக்க வெளிச்சம் பொடிப்பொடியாகப் பூக்கும். விளக்குக்கும் கல்லுக்கும் நடுவே யாராவது போனால் அவர் நிழல் இந்தப் பக்கம் அச்சு அசலாகத் தெரியும்.

“கல்லுக்குச் சடை பின்னவா சம்பளம் தர்றாங்க?” என்று கணவன் கேலி செய்தான்.

“உன் தலையில பின்றதுக்கு என்ன மிச்சம் இருக்கு? அதான் கல்லுக்குப் பின்றேன்” என்றாள் அவள்.

கலவை இறுகுவதற்குள் இழையைப் பரப்பி முடிக்க வேண்டும். சிமெண்டு பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் சொரசொரத்துப்போனது. ஆனாலும் அறுத்த பலகையை முதல்முறை விளக்கின் முன் நிறுத்தும்போது அவள் எந்த வேலையிருந்தாலும் போட்டுவிட்டு ஓடிவந்து பார்ப்பாள்.

அந்த வருடம் கட்டடப் பொருள் கண்காட்சியில் பட்டறை முதலாளி ஆளுயரச் சுவர் ஒன்றை நிறுத்தினார். அதைப் பூட்டி நிறுத்த வந்த பெண்களில் அவளும் நாத்தனாரும் இருந்தார்கள். சுவருக்கு மேலே பெரிய பலகை: ‘மனிதக் கை படாத துல்லியம்.’

“இது என்ன சார்?” என்று மேற்பார்வையாளரிடம் கேட்டாள்.

“விளம்பரம்மா. மெஷின் செஞ்சதுன்னு சொன்னாத்தான் பெரிய ஆளுங்க வாங்குவாங்க.”

“எந்த மெஷின்? கலக்குறதும் அறுக்குறதும் தவிர நம்மகிட்ட ஏது மெஷின்?”

“உனக்கு ஏம்மா இந்த வம்பு? பின்னாடி இருந்து விளக்கைப் பாத்துக்குங்க. முன்னாடி மட்டும் வந்துடாதீங்க.”

கூட்டம் சேர்ந்தது. முதலாளி ஒலிபெருக்கியில், ஒரு விரல்கூடப் படாமல் இந்தச் சுவர் உருவான கதையை விவரித்தார். சுவருக்குப் பின்னால் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தாள். நாத்தனார் கையைப் பிடித்து இழுத்தாள்.

“சும்மா இருடி. வேலை போயிடும்.”

“போனா போகட்டும் அண்ணி. என் கையை இல்லேன்னு சொல்றாரே, கேட்டுக்கிட்டு உக்காரவா?”

விளக்குக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கைகளையும் உயர்த்தி, இல்லாத இழைகளைப் பரப்பத் தொடங்கினாள். அந்தப் பக்கம் சுவர் முழுக்க விரல்களின் நிழல். முதலாளியின் பேச்சு நின்றது. பிறகு, இதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள்.

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள்.

“இது வேடிக்கை இல்லைங்க. இந்தச் சுவர்ல இழை வெச்சது நாங்க. ஒண்ணொண்ணா, கையால.”

“இவங்க சும்மா உதவிக்கு வந்தவங்க” என்று முதலாளி சிரித்துச் சமாளித்தார்.

“உதவிக்கு இல்ல. நானும்தான் வெச்சேன்.” நாத்தனார் வந்து பக்கத்தில் நின்றாள்.

மறுநாள் முதலாளி வீம்பை மட்டும் கூப்பிட்டார். “தெரியாம பேசிட்டேன்னு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லு. பழையபடி வேலையைப் பாரு.”

“தெரிஞ்சுதானே சார் பேசினேன்?”

அன்றோடு வேலை போயிற்று. பிள்ளைகள் படிப்பை நினைத்து நாத்தனார் அங்கேயே இருந்துவிட்டாள்; அதில் வீம்புக்கு வருத்தமில்லை. அந்த விளம்பரப் பலகையை அடுத்த கண்காட்சிக்கு யாரும் எடுத்துப்போகவில்லை என்று நாத்தனார்தான் வந்து சொன்னாள்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் அவளே அச்சு போட்டாள். கணவன் கலவை கலக்கினான். லீவு நாளில் நாத்தனார் வந்து இழை பரப்பினாள். முதலில் வார்த்தது உருப்படவில்லை. இழையெல்லாம் மேலே மிதந்து வந்துவிட்டது. சுத்தியலால் உடைத்துக் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். இடையில் மேற்பார்வையாளர் ஒருநாள் வந்து, திரும்ப வருகிறாயா என்று கேட்டார்.

“வர்றேன். ஆனா கண்காட்சியில நாங்க சுவருக்கு முன்னாடி நிப்போம். சரியான்னு கேட்டுச் சொல்லுங்க.”

பதில் வரவில்லை. அவளும் காத்திருக்கவில்லை.

உருப்படியாக வந்த முதல் பலகையை ஒரு கண் மருத்துவர் தன் வரவேற்பறைக்கு வாங்கிக்கொண்டார். பொருத்திய அன்று, ஒரு கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்த பெரியவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது எந்த ஊர் மெஷின்ல செஞ்சதும்மா?”

“எங்க வீட்டுக் கொட்டகையில, நான் செஞ்சது” என்றாள் வீம்பு.