தண்ணி காட்டிய கட்டை

சிம்மக்கல் பக்கத்துச் சந்தில் இருந்த எங்கள் விறகுக் கடையில், சாமி படத்துக்குக் கீழே ஓர் ஆணி. அந்த ஆணியில் பச்சை ரப்பர் குழாய் ஒன்று சுருட்டித் தொங்கும். காலையில் கடை திறந்ததும் என் மாமனார் சாமிக்குச் சூடம் காட்டுவார். அதே தட்டைத் தராசுக்குக் காட்டுவார், கல்லாவுக்குக் காட்டுவார், கடைசியில் அந்தக் குழாய்க்கும் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார். நெற்றி நிறைய விபூதியும் கையில் தட்டுமாக அவர் குழாய் முன்னால் கண்மூடி நிற்பார்.

கல்யாணமாகி வந்த புதிதில் அது எதற்கென்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் சாயங்காலம் அவர் கடைக்குள்ளிருந்து, "என்னப்பா, தண்ணி காட்டியாச்சா?" என்று கத்தினார். எங்கள் ஊர் பேரையூர்ப் பக்கம். அங்கே மாட்டுக்குத்தான் தண்ணி காட்டுவார்கள். அட, இந்தச் சந்துக்குள்ளும் மாடு வைத்திருக்கிறார்களே என்று ஆசையாகக் கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தேன். மாடும் இல்லை, கன்றும் இல்லை. சுமை ஏற்றும் ஆள் ஒருவர் குழாயைப் பிடித்துக்கொண்டு கரி மூட்டைகளையும் அடுக்கிக் கிடந்த விறகு அட்டியையும் நிதானமாக நனைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஒதுங்கி நில்லுங்க மதினி, சேலையில கரித்தண்ணி தெறிக்கும்" என்றார்.

கரி தண்ணீரைக் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்திருக்கும். கட்டையும் அப்படித்தான். தோலைத் தொட்டுப் பார்த்தால் காய்ந்திருக்கும், உள்ளே ஊறிப்போய்க் கிடக்கும். தராசு மட்டும் தாழும். ஊரை ஏமாற்றுகிறவனைத் 'தண்ணி காட்டுகிறான்' என்று சொல்வோம், எங்கள் கடையில் அது வெறும் பேச்சாக இல்லை. மருமகள் பார்த்துவிட்டாளே என்று மாமனார் கூசவும் இல்லை. "நெருப்புத் தொழில் தாயி. பொய் சொன்னா பொசுக்கிரும்" என்று அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போதுகூட என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

எங்களிடம் கரி வாங்கும் இஸ்திரிக்கார அக்கா ஒருத்தி இருந்தாள். தள்ளுவண்டியில் பெட்டி வைத்துத் தேய்ப்பவள். ஒரு நாள் யார் வீட்டுப் பட்டுச் சேலையையோ கையில் தூக்கிக்கொண்டு அழுதபடி வந்தாள். ஈரக்கரி பெட்டிக்குள் படபடவென்று வெடித்து, பொறி விழுந்து, முந்தியில் ஓட்டை விழுந்திருந்தது. மாமனார் சேலையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு, "சாமிக்கு ஏதும் நேர்ந்துட்டு மறந்துட்டியா ஆத்தா? நெருப்பு சும்மா கோவிச்சுக்காது" என்றார். அவள் அழுகையை நிறுத்தி யோசிக்கத் தொடங்கினாள். தன் வேண்டுதல்களையெல்லாம் விரல் மடக்கி எண்ணிக்கொண்டே வண்டியைத் தள்ளிப் போனாள். செய்வதையும் செய்துவிட்டுக் குற்றத்தை அடுத்தவர் மனசுக்குள் ஊன்றிவிடும் அந்த வித்தையைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "விறகுக் கடையில யாரு ஊத்தல?" என்பார். அவர் நல்லவர். அப்பாவுக்கு எதிரே வாய் திறக்காத நல்லவர்.

பிறகு என் அப்பா இறந்தார். அதற்கு முந்தின ஒரு வருஷமாக என் தம்பி அவரோடு பேசியதில்லை. கிணற்றுக்காட்டை விற்பதா வேண்டாமா என்பதில் வந்த வாய்ச்சண்டை, வீம்பாக வளர்ந்து நின்றுவிட்டது. இன்றைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம் என்று இருந்தவனுக்கு நாளே கிடைக்கவில்லை. அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அவன் கதறியதைக் கேட்டு ஊரே அழுதது.

சுடுகாட்டுக்கு ஊர்க்காரர்கள் கருவேலங்கட்டையை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் பக்கத்து வெயிலில் கிடந்து சருகாய்க் காய்ந்த கட்டை. அதற்குள் மாமனார் மதுரையிலிருந்து ஒரு டெம்போ நிறையப் புளியங்கட்டை அனுப்பிவிட்டார். "என் சம்பந்திக்கு முள்ளுக்கட்டையா வைக்கிறது? என் கடைச் சரக்குலதான் அவரு போகணும்" என்று பந்தலில் நாலு பேர் கேட்கும்படி சொன்னார். விறகு வெட்டிப் பிழைக்கும் ஊருக்கு விறகு அனுப்புவது, கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆனாலும் சம்பந்தி செய்முறை ஆயிற்றே. மரியாதைக்காகத் தங்கள் கட்டையை ஒதுக்கிப் போட்டுவிட்டு, வந்த கட்டையை அடுக்கினார்கள்.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. மறுநாள் காலையில் சாம்பல் அள்ளிப் பால் ஊற்றப் போன ஆண்கள் திரும்பி வந்தபோது, யாரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. தம்பியை இரண்டு பேர் பிடித்து நடத்திக் கூட்டி வந்தார்கள். கால் எரிந்திருக்கிறது, தலை எரிந்திருக்கிறது, நெஞ்சுக்கூடு அப்படியே கிடந்திருக்கிறது. பழைய டயரைப் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி, மறுபடியும் கொளுத்திவிட்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் சட்டையில் எல்லாம் டயர் நாற்றம். என் அப்பாவின் கடைசி வாசனையாக அதுதான் என் மூக்கில் தங்கியிருக்கிறது.

ஏக்கத்தோடு போனவர்களுக்கு நெஞ்சு வேகாது என்பார்கள் எங்கள் பக்கம். யார் முதலில் சொன்னார்களோ, பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க அதுவே பேச்சாகிவிட்டது. "மகன் பேசலையேங்கிற ஏக்கம். அம்புட்டுக் கட்டை வச்சும் நெஞ்சு வேகலையே." அம்மாவும் அதை நம்பினாள். "நான் போனா எனக்கு மருமகன் கொள்ளி வைக்கட்டும். நீ வைக்க வேணாம்யா" என்று தம்பியிடம் நேராகவே சொல்லிவிட்டாள். தம்பிக்கு அன்று குனிந்த தலைதான். நல்லது பொல்லதுகளில் பந்தலுக்கு வெளியே செருப்புக் கிடக்கும் இடத்தோடு நின்றுவிடுவான்.

எனக்கு அந்த டயர் நாற்றத்திலேயே சந்தேகம் தட்டிவிட்டது. கடைக்குத் திரும்பியதும் சுமை ஏற்றும் ஆளிடம் கேட்டேன். "எப்பவும் போலத்தான் மதினி. தண்ணி காட்டிட்டுத்தான் ஏத்துனோம்" என்றார். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேனோ என்பதுபோல் விழித்தார். காசுக்காக ஏமாற்றுகிறவனை வைது தீர்க்கலாம். இது விலை போடாத கட்டை. தராசு ஏறாத கட்டை. நனைத்ததால் ஒருவருக்கும் ஒரு பைசா லாபமில்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லி நிறுத்த வேண்டும் என்ற நினைப்புக்கூட என் மாமனாருக்கு வரவில்லை.

மாமனாரிடம் போய் நின்றேன். "வெயில்ல போன வண்டிதான தாயி, வழியிலயே காஞ்சிருக்கும்" என்றார். நான் நகரவில்லை என்றதும், "பெத்த மகன் ஒரு வருசமா பேசல. அதுக்கு என் கட்டை என்ன செய்யும்?" என்றார். இஸ்திரிக்கார அக்காவிடம் வைத்துக்கொண்ட அதே வருத்தமான முகம். அன்றிலிருந்து அவருக்குச் சோறு வைக்கும்போது நான் அந்த முகத்தைப் பார்ப்பதில்லை.

நடந்ததைத் தம்பியிடம் சொன்னேன். ஒரு தடவை இல்லை, எத்தனையோ தடவை சொன்னேன். அவன் நம்பவில்லை. "எனக்காக மாமா மேல பழி போடாதக்கா. நம்ம அப்பாவுக்கு வண்டி நிறையக் கட்டை குடுத்தவரு" என்பான். ஊரும் அதையேதான் சொன்னது. அம்மாவோ, உடன்பிறந்தவனைக் காப்பாற்ற நான் கதை கட்டுகிறேன் என்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் அப்பாவை வேகவிடாதவருக்கு என் வீட்டில் நன்றி விசுவாசம் வேறு.

இப்போது நாங்கள் ஒத்தக்கடையில் வீடு கட்டி வந்துவிட்டோம். மாமனார் படுத்த படுக்கை. கடையை நானும் வீட்டுக்காரரும் பார்க்கிறோம். குழாயை அறுத்துக் குப்பையில் போட்டுவிட்டேன். பிரியாணிக் கடைகளும் கல்யாண மண்டபங்களும் கேட்பது காய்ந்த கட்டைதான், காய்ந்ததைத்தான் கொடுக்கிறோம். மாமனாருக்கு உடம்பு துடைத்து விடுவதும் நான்தான். மனசு ஒட்டாமலே கை வேலை செய்யப் பழகிவிட்டது.

போன மாதம் தம்பி அவரைப் பார்க்க வந்தான். ஆரஞ்சு வாங்கி வந்திருந்தான். கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, உரித்து, நார் எடுத்து, கொட்டை நீக்கி, சுளை சுளையாக அவருக்கு ஊட்டினான். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. வாசற்படியிலேயே நின்றேன். மாமனார் என்னைக் கூப்பிட்டார்.

"நான் போனா என்னையக் கரண்டு அடுப்புல தள்ளிராதீக தாயி. கட்டையிலதான் வைக்கணும். நல்லா காஞ்சதாப் பாத்து நீயே எடுத்து ஒதுக்கிரு. ஆளுககிட்ட விட்ராத. ஈரக்கட்டைன்னா புகைஞ்சு புகைஞ்சு அமந்துரும், நெஞ்சு வேகாது."

தம்பியின் கை சுளையோடு நின்றது.

"அப்ப எங்கப்பாவுக்கு, மாமா?"

மாமனார் திடுக்கிடவில்லை. முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ளவும் தெம்பில்லை போலிருக்கிறது.

"அது ஓசிக் கட்டைதான மாப்ள" என்றார். சொல்லிவிட்டு அடுத்த சுளைக்கு வாயைத் திறந்தார்.

தம்பி சுளையைத் தட்டில் வைத்தான். எழுந்து வேட்டியை உதறிக் கட்டினான். "அக்கா, அம்மாவைப் பாக்கப் போறேன்" என்று என்னிடம் மட்டும் சொன்னான். தலை நிமிர்ந்து அவன் படியிறங்கியதை அப்பா போன பிறகு அன்றுதான் பார்த்தேன்.

"என்ன தாயி, உன் தம்பி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போறான்?" என்றார் மாமனார், இன்னும் வாயை மூடாமல்.

"சாவு வீட்டுல யாரு மாமா சொல்லிட்டுப் போவா?" என்றேன்.