கருப்பியின் மூன்று குட்டிகள்

முருகையன் காய்ச்சலில் படுத்திருந்த நான்கு நாளும் அவன் கழுவவேண்டிய நாய்க்கூண்டுகளையும் சேர்த்துக் கழுவியவள் தனம். முதலாளிக்கும் தெரியாது, அவனிடமும் அவள் சொல்லவில்லை. வேலைக்குத் திரும்பியவன் கூண்டுகள் பளிச்சென்று இருப்பதைப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டான்.

வேங்கிக்கால் தாண்டி அறிவுச்செல்வன் நடத்திய நாய்ப்பண்ணையில் இருவருக்கும் வேலை. தனம் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். ஒருமுறை வேலூரில் நடந்த நாய்க் கண்காட்சிக்கு அவளையும் கூட்டிப்போனார்கள். நடுவர் பல்லைப் பார்த்தார், காலைப் பார்த்தார், ஓடவிட்டு நடையைப் பார்த்தார். அதற்கும் முன்னால் கென்னல் கிளப் கொடுத்த காகிதம் வேண்டும். அதில் தாய், தகப்பன், பாட்டன், பூட்டன் வரைக்கும் பேர் இருக்கும்.

"இன்னாண்ணா, நம்மூர்ல பொண்ணு பாக்கறதுக்கும் மேல கீது!" என்று முருகையனிடம் சொல்லித் தனம் சிரித்தாள்.

அந்தக் காகிதம்தான் வினையானது. பரிசு வாங்கிய ரூபி நான்கு குட்டி போட்டது. அதே வாரம், காகிதம் இல்லாத கருப்பி மூன்று போட்டது. கிளப் ஆள் வந்து எண்ணிப் பதிந்தால்தான் குட்டிக்குக் காகிதம்; காகிதம் இருந்தால்தான் நல்ல விலை. அவர் வருகிற அன்று, கருப்பியின் மூன்றையும் தூக்கி ரூபியிடம் விடச் சொன்னார் அறிவுச்செல்வன். முருகையன் விட்டான். கருப்பியைப் பின்னால் பூட்டியும் வைத்தான். பெற்றவளை மறைத்து எழுதவைக்க எப்படித்தான் மனசு வந்ததோ! மடியில் பால் கட்டிக்கொண்டு அது கத்திய கத்தல், முன்னால் பெருக்கிக்கொண்டிருந்த தனத்துக்குக் கேட்டது.

கிளப் ஆள் கேட்டார்: "ஏழும் இதோடதா?"

"ஆமா சார்," என்றார் அறிவுச்செல்வன்.

"பொய்!" தனம் துடைப்பத்தை வீசிப் போட்டாள். "இது போட்டது நாலுதான் சார். மூணப் பெத்தவ பின்னால கத்தறா, காதுல வுழல? இப்பிடி எழுதினா நல்லா இருப்பீங்களா?"

"கண்டுக்காதீங்க சார், அது திடீர்னு சாமியாடும்," என்றார் அறிவுச்செல்வன், தனத்தைக் காட்டி.

கிளப் ஆள் முருகையனைப் பார்த்தார். தனமும் பார்த்தாள்.

"ஏழுதான் சார்," என்றான் அவன், தரையைப் பார்த்து.

ஏழு என்று எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார். முதலாளி தனத்திடம், "நாளைலேர்ந்து வராத," என்றார்.

கேட் வரைக்கும் முருகையன் பின்னாலேயே போனான். "புள்ளைங்க படிக்குதுங்க தனம், நான் இன்னா பண்ணட்டும்..."

அதற்குப் பிறகு அவளை அவன் பார்க்கவே இல்லை. அன்றைக்குக் கண் சிவக்கத் திரும்பி நின்று அவள் சொன்னது இதுதான்: "உங் கதைய அண்ணாமலையார் கிட்ட சொல்லு. எண்ணிட்டுப் போயிட்டாங்க இல்ல? மூணையும் தூக்கினு போய் கருப்பிகிட்ட வுடு. மொதல்ல வெந்நில துணி நனைச்சி மடியத் தொடச்சி வுடு, பால் கட்டிகினு கீது. போ, நிக்காத!"