சூளையைத் திறந்த நாவலும் மல்லிகாவின் ஐந்தாவது கேள்வியும்

வேப்பூரில் பீங்கான் கடை வைத்திருந்த காலத்தில் விருத்தாசலத்துச் சூளைகளுக்கு மாதம் இருமுறை சரக்கெடுக்கப் போவேன். 1973-இல் ஒரு சனிக்கிழமை மட்டும் மகள் மல்லிகாவுக்காகப் போனேன். பள்ளியில் அவளுக்குப் பாடமாக இருந்த நாவலில், தீயை நிறுத்திய மறுநாளே கதாநாயகி சூளையைத் திறந்து கோப்பைகளை எடுக்கிறாள். 'அது நடக்காது, எழுதியவர் சூளையைப் பார்த்ததில்லை' என்று இவள் பரீட்சையில் எழுதிவிட்டாள். தமிழாசிரியருக்குக் கோபம். திங்கட்கிழமை வகுப்பில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுவிட்டார். எழுத்தாளர் விருத்தாசலத்தில்தான் குடியிருந்தார். நேரே அவரையே கேட்டுவிடலாம் என்று கிளம்பினோம்.

காலை எட்டே கால் பஸ், இருபத்திரண்டு கிலோமீட்டர், ஆளுக்கு எழுபது பைசா. மல்லிகா ஐந்து கேள்விகளைத் தாளில் எழுதியிருந்தாள். முதல் நான்கும் புகழ்ச்சி, ஐந்தாவதில்தான் சூளை. அது என் யோசனை. பெரிய மனிதரிடம் குறையைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும்.

பஸ் நிலையத்திலிருந்து குதிரை வண்டி, ஒரு ரூபாய்.

"அவரு வூடா? எல்லாரும் மாலையோட போவாங்க. நீங்க வெறுங்கையா போறீங்களே" என்றார் வண்டிக்காரர்.

"நாங்க குத்தம் சொல்லப் போறோம்ங்க" என்றாள் மல்லிகா.

"அப்ப வண்டிய வாசல்லயே நிறுத்துறேன். சீக்கிரம் வந்துருவீங்க."

எழுத்தாளர் தாளை வாங்கி ஒரே மூச்சில் அடிவரை படித்தார். "அஞ்சாவதுதான் கேள்வி. மத்ததெல்லாம் அப்பா சொல்லிக் குடுத்ததாம்மா?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"சரி, சூளை எத்தன நாளு ஆறணும்?"

"மூணு நாளுங்க. அதுக்கு முன்ன காத்து பட்டா வெடிச்சிரும். எங்கப்பா ஒருதரம் அவசரப்படுத்தித் தொறக்க வச்சாங்க, பாதி சரக்கு போச்சு."

அதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

"கதையில அவ புருஷன் அன்னிக்கே ரயிலேறிடறானேம்மா?"

"போவட்டுங்க. மூணு நாளு நிக்க மாட்டாதவனுக்கு எதுக்குங்க புதுக் கோப்ப?"

அவர் சிரித்துக்கொண்டே அதே தாளின் பின்பக்கம் எழுதினார்: 'மாணவி சொல்வது சரி. நான் சூளையைப் பார்க்காமல் எழுதினேன்.' கீழே கையெழுத்து. தன் சரக்கில் விரிசல் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்த மனிதரை என் வியாபாரத்தில் நான் கண்டதில்லை. நானும் கொடுத்ததில்லை.

விருத்தாசலத்துக்குப் பீங்கான் வாங்கப் போகிறவர்கள் பத்து மணிக்குள் போய்விடுங்கள். ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பாருங்கள். சத்தம் மந்தமாக வந்தால் விரிசல். வைக்கோல் வைத்துக் கட்டச் சொல்லுங்கள், பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை தமிழாசிரியர் அந்த இரண்டு வரியையும் வகுப்பில் தானே உரக்கப் படித்தாராம். மன்னிப்புப் பேச்சே எழவில்லை. தாளை மட்டும் அவர் திருப்பித் தரவில்லை. கேட்டு வாங்க இவளுக்கும் மனம் வரவில்லை.