பூட்டு இல்லப்பா, பூட்டு

அக்கா கணினியைப் பூட்டிவிட்டாள் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். எல்லோரும் என்று எழுதும்போதே என் கை கூசுகிறது. நம்பியவர்கள் அப்பாவும் அம்மாவும்தான். நான் நம்புவதுபோல் இருந்தேன்.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த மடிக்கணினி அது. வெள்ளிமலைக்கு அப்பால் மரவள்ளிக் காட்டை ஒட்டியிருந்த எங்கள் வீட்டில், சாமை மூட்டைகளுக்கு மேலிருந்த பலகையில், அம்மாவின் பழைய சேலை ஒன்றுக்குள் அது உறங்கும். எடுக்கும் உரிமை அக்காவுக்கு மட்டுமே. அந்த ஆண்டு அவளுக்குக் கள்ளக்குறிச்சியில் கல்லூரியிலும் விடுதியிலும் இடம் கிடைத்திருந்தது. எங்கள் தெருவிலிருந்து மலையிறங்கிப்போய்த் தங்கிப் படிக்கப்போகும் முதல் பெண். திங்கட்கிழமை சேர வேண்டும். சேர்க்கைக் கடிதமும் சான்றிதழ்களின் நகல்களும் அந்தக் கணினிக்குள் இருந்தன.

அப்பா சரி என்று சொல்லியிருந்தார். ஆனால் அந்தச் சரி மிகவும் மெல்லியது. இரண்டு மாதங்களுக்கு முன்புதான் என் அத்தை மகள், கைப்பேசியில் பழகிய ஒருவனோடு காலைப் பேருந்தில் ஏறிப் போயிருந்தாள். அன்றிலிருந்து விளக்கெரியும் எந்தத் திரையைப் பார்த்தாலும் அப்பாவின் முகம் மாறும்.

எனக்கு அப்போது பதினோரு வயது. வகுப்புத் தோழி ஒருத்தி, சேலத்தில் படித்த தன் அண்ணனின் பென் டிரைவை எனக்கு இரவல் தந்திருந்தாள். அதில் ஒரு விளையாட்டு இருந்தது. ஒரு பறவை பனிச்சரிவில் வயிற்றால் வழுக்கிக்கொண்டு போகும். பென் டிரைவைச் செருகிவிட்டுக் கணினியைப் போட்டால், கணினி தன் வழக்கமான முகத்தை விட்டுவிட்டு வேறொரு முகத்தோடு எழும். அதற்குள் பறவை இருக்கும். வியாழக்கிழமை மதியம் வீட்டில் யாருமில்லாத நேரத்தில் நான் அந்தப் பறவையை நிரந்தரமாகக் குடிவைத்துவிட விரும்பினேன். எங்கே எழுதுவது என்று திரை கேட்டது. இரண்டு வரிகள் காட்டியது. இரண்டும் எனக்கு ஒன்றுபோலவே தெரிந்ததால் முதல் வரியை அழுத்தினேன். வேலை பாதியில் இருந்தபோது வாசலில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. பென் டிரைவைப் பிடுங்கி, கணினியை மூடி, சேலையைச் சுற்றி, பலகையில் வைத்தேன்.

மறுநாள் காலையில் அக்கா திறந்தாள். கறுத்த திரையில் வெள்ளையாக ஓர் ஆங்கில வரி. அதன் முனையில் ஒரு கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

"ப்பா, பூட்டு ஆவ மாட்டேங்குதுப்பா."

"பூட்டா? யாருடி பூட்டுனது?"

"பூட்டு இல்லப்பா. பூட்டு."

"அதத்தான நானும் கேக்குறேன்."

கணினி விழித்தெழுவதைக் குறிக்கும் ‘பூட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் கதவில் தொங்கும் பூட்டும் எங்கள் வாயில் ஒன்றேதான். இன்று யாரிடமாவது சொன்னால் சிரிக்கிறார்கள். நானும் சொல்லும்போது சிரிக்கத்தான் முயல்கிறேன்.

அப்பா திரைக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து அந்தக் கோட்டையே பார்த்தார். "இது இன்னாத்துக்கு மினுக்கிக்கினு இருக்குது? சாவி கேக்குது. எங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னா பாக்கவுமா தெரியாது?"

அம்மா அக்காவைத் தனியாக அழைத்துக் கேட்டாள். "அவுரு கேக்குறார் இல்ல. தொறந்து காட்டிடேன் குட்டி." அக்கா அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "எனக்கே தொறக்கலம்மா" என்றாள். அந்தப் பதிலை வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. நம்பியிருக்கக் கூடிய ஒருத்தியான நான் அடுப்படியில் கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை அப்பா, அக்கா, நான் மூவரும் கள்ளக்குறிச்சிக்குப் போனோம். என் புத்தகப் பையையும் தூக்கிக்கொண்டேன். பள்ளி விடுமுறையில் பை எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, பேருந்தில் படிப்பேன் என்றேன். உள்ளே ஜாமெட்ரி பாக்ஸ் இருந்தது. அதற்குள் பென் டிரைவ் இருந்தது. வீட்டில் விட்டுவரத் துணிவில்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அது தகரத்தில் மோதி ஒலித்தது.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பாய் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். திருகுகளைப் பழைய பேரீச்சம்பழ டப்பாக்களில் பிரித்து வைத்திருப்பார். அவர் கணினியைப் போட்டார், வரியைப் படித்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"அவசரம்னா ஃபார்மட் அடிச்சிடலாம்ணே. எல்லாத்தையும் தொடச்சிட்டுப் புதுசா ஏத்திடுவேன்."

"வேணாங்க" என்றாள் அக்கா. வேகமாகச் சொன்னாள், அதுதான் வினையாயிற்று.

அப்பா திரும்பினார். "தொடச்சா உனுக்கு இன்னா? உள்ள இன்னா வெச்சிக்கினு இருக்க?"

"காலேஜ் லெட்டருப்பா. சர்ட்டிபிகேட்டு."

பாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒண்ணும் அழியலம்மா. உள்ள எல்லாம் பத்திரமாத்தான் இருக்குது. மொத பக்கத்துல, எந்த வழியா உள்ள போறதுன்னு ஒரு குறிப்பு இருக்கும். அது மேல வேற எழுதிட்டாங்க. அவ்ளோதான். இது இப்ப ஒரு பென் டிரைவத் தேடிக்கினு இருக்குது. அது கெடச்சா இந்த நிமிசமே தொறந்துக்கும்."

ஆக, அப்பா சொன்னது ஒருவகையில் உண்மைதான். பூட்டு இருந்தது. சாவி என் மடியில் இருந்த பையில் இருந்தது.

"யாருது அந்தப் பென் டிரைவு?" என்றார் அப்பா.

அக்கா என்னைப் பார்த்தாள். பையின் மேல் இறுகியிருந்த என் இரண்டு கைகளையும் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் சொன்னாள். "நான்தாம்ப்பா போட்டேன். கூடப் படிச்ச புள்ளைகிட்ட வாங்குனேன். திருப்பிக் குடுத்துட்டேன்."

"புள்ளன்னா? பையனா?"

"பொண்ணுப்பா."

எங்கள் பக்கத்தில் புள்ள என்றால் இருபாலையும் குறிக்கும். அப்பாவின் காதில் ஒரு பால்தான் விழுந்தது.

பாய் ஒரு குறுந்தட்டைப் போட்டு அரைமணி நேரத்துக்குள் சரிசெய்தார். அழிந்த குறிப்பை மறுபடி எழுதினார்; வழக்கமான இசையோடு திரை மலர்ந்தது. அக்கா மூச்சு விட்டாள். அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணொண்ணாத் தொற."

"ப்பா, வூட்ல போயி..."

"இங்கியே தொற. பாயும் பாக்கட்டும்."

அவள் திறந்தாள். சேர்க்கைக் கடிதம், சாதிச் சான்றிதழ், வேதியியல் பாடக் குறிப்புகள், பழைய வினாத்தாள்கள். கடைசியாக ஒரு கோப்புறை. அதில் நாற்பது ஐம்பது படங்கள். கணினியின் நெற்றியிலிருந்த சிறிய கண்ணால் அவள் தன்னைத்தானே எடுத்தவை. தாவணியைத் தோளில் ஒருவிதமாகப் போட்டு ஒன்று, வேறுவிதமாகப் போட்டு ஒன்று. தலையைப் பின்னி ஒன்று, அவிழ்த்து ஒன்று. ஓரமாய் நின்று சிரித்தும், சிரிக்காமலும். எங்கள் வீட்டில் இருந்தது உள்ளங்கையளவு கண்ணாடி. தன் முகம் முழுவதையும் அவள் முதன்முதலில் பார்த்தது அந்தத் திரையில்தான்.

"யாருக்குக் காட்ட எடுத்த?"

"எனக்குத்தாம்ப்பா."

"உம்மூஞ்சி உனுக்குத் தெரியாதா?"

பாய் திருகு டப்பாவுக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டே சொன்னார். "பொண்ணு தன் மூஞ்சத்தானண்ணே எடுத்துக்கிச்சு. இதுல இன்னா?" அப்பா எல்லாப் படங்களையும் அழிக்கச் சொன்னார். அவள் அழித்தாள். அழிக்கட்டுமா என்று ஒவ்வொரு முறையும் கணினி கேட்டது. ஒவ்வொரு முறையும் அவள் ஆம் என்று அழுத்தினாள். மொத்தமாக அழிக்கும் வழி அவளுக்குத் தெரியும் என்பதை நான் பின்னால்தான் உணர்ந்தேன். அவரை உட்காரவைத்து அத்தனையையும் பார்க்கவைத்தாள்.

திரும்பும் பேருந்தில் அப்பா முன்னிருக்கையில் இருந்தார். அக்கா என் காதருகே குனிந்தாள். அவள் குரலில் இருந்த சினத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"வாயத் தொறக்காத. தொறந்தீனா உன்னியும் நிறுத்திடுவாரு. ரெண்டு பேரும் வூட்ல குந்திக்கினு இன்னா பண்றது?"

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கப் போவதில்லை என்பது மட்டுமே எனக்குப் புரிந்தது. மகிழ்ச்சியாக இருந்தது. அவள் தொடாமல் வைத்திருந்த கடலை உருண்டையையும் வாங்கித் தின்றேன். அப்பா அதுவரை வேண்டாம் என்று ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. அதைச் சொன்னது ஞாயிற்றுக்கிழமை மாலையில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, சாதாரணமாக. "ஆஸ்டலெல்லாம் வேணாம்." ஆனால் அவளோ சனிக்கிழமை மதியமே, பேருந்து மலையேறிக்கொண்டிருந்தபோதே, தன் படிப்பை விட்டுவிட்டு, இனிப் படிக்க மிச்சம் யார் என்று பார்த்திருக்கிறாள். கடலை உருண்டை தின்ற சிறுமிக்கு அது எப்படித் தெரியும்?

திங்கட்கிழமை காலையில் அந்தக் கணினி என் புத்தகங்களின் மேல் இருந்தது. சேலை சுற்றியிருக்கவில்லை.

அதில்தான் நான் படித்தேன். அதே கல்லூரிக்குப் போனேன், அதே விடுதியில் தங்கினேன்; அப்பாவே பெட்டியைத் தூக்கிவந்து விட்டார். ஆசிரியர் பணிக்கான ஆணை கையில் கிடைத்த அன்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: பறவை, பென் டிரைவ், ஜாமெட்ரி பாக்ஸ். பொறுமையாகக் கேட்டார்.

"அதான் அன்னிக்கே தொறந்துடுச்சே. வுடு."

வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவிலும் குரலை உயர்த்தாதவள் என்று எனக்குப் பெயர். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் இத்தனை ஆண்டுகளாக என்னால் பொறுக்க முடியவில்லை. உண்மையைச் சொல்லும் தைரியத்தை வேலை கிடைக்கும்வரை தள்ளிப்போட்ட என்னையும்தான்.

பெண் பார்க்க வந்தவர்களையெல்லாம் அக்கா காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பினாள். அம்மா இறந்துவிட்டாள். நான் வேலைக்காக மணலூர்பேட்டைக்கு வந்துவிட்டேன். சென்ற ஆண்டு அப்பாவுக்கு வாதத்தில் வலக்கை விழுந்துவிட்டது. சோறு ஊட்டிவிட வேண்டும்.

வெள்ளிமலை வீட்டில் அவரோடு இருப்பது அக்காதான்.